மார்க்காக்காரர் வீட்டு முருங்கை

உலகத்தில் கதை எழுதினவர்கள் எத்தனையோ பேர். ஓலையில் எழுதினார்கள், காகிதத்தில் எழுதினார்கள், கல்லிலே கூட வெட்டி வைத்தார்கள். ஆனால் பனியன் சிப்பத்தின் மேலே, தார் மாதிரிக் கறுத்த மையில், வெள்ளையடிக்கிற மட்டைக்குத் தம்பி போல ஒரு பிரஷ்ஷை வைத்து நாவல் எழுதி, அதைக் கூட்ஸ் ரயிலில் ஏற்றி வாசகருக்கு அனுப்பினவர் எங்கள் மார்க்காக்காரர் ஒருவர்தான். சந்தேகப்படுகிறவர்கள் பழனி ஆண்டவர் படியில் வந்து என்னிடம் பேசிக்கொள்ளலாம். நான் சத்தியம் செய்யத் தயார்.

வீட்டை விட்டுப் போன வேலுக்குட்டியின் கதை என்று வண்ணப்படம் போட்டு இன்றைக்கும் குழந்தைகள் கையில் இருக்கிறதே, அது அவர் எழுதினதுதான். அட்டையில் ஏதோ புனைபெயர் இருக்கும். அது மெட்ராஸ் பத்திரிகைக்காரர்கள் வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஊர் மண்ணரையில் விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். மார்க்காக்காரர் என்று கேட்டால் நாய் கூட வழி காட்டும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பனியனை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிகளை அடுக்கி, மேலே கித்தான் சாக்கைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்தால் அது சிப்பம். எந்த ஊர், எந்தக் கடை என்று சிப்பத்தின் மேல் மையால் எழுதுவதுதான் மார்க்கா போடுவது. எங்கள் கம்பெனியில் மடிப்பு வேலை எனக்கு. தைக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. மார்க்கா அவருக்கு. வீடும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்து. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்பார்.

பிரஷ்ஷைக் காதில் செருகிச் செருகி அவருக்கு ஒரு காது நிரந்தரமாகக் கறுப்பு. கல்யாண வீட்டு போட்டோவில் அந்தக் காது மட்டும் விழாது. மனிதர்களையும் சிப்பக் கணக்கில்தான் பார்ப்பார். எனக்கு மூத்தவன் பிறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சேலம் சிப்பமாட்டம் இருக்கானுங்க அம்மிணி. ஈரம் படாமப் பாத்துக்கோங்க" என்றார். என் மாமியார் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

இதில் பெரிய அதிசயம் என்னவென்றால், அந்த மனிதருக்கு ஒரு காலத்தில் கதை என்றாலே ஆகாது.

அவருக்கு ஒரே பையன், குமாரு. தாயில்லாப் பிள்ளை. அப்பனும் மகனுமாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். குமாருவுக்கு எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் நின்று படித்தாக வேண்டும். கடலை சுத்தின காகிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே கடலையைக் கீழே கொட்டுவான். படித்ததோடு நின்றாலும் பரவாயில்லை. தப்பு இருந்தால் அவனால் தாங்க முடியாது. "போன கிருத்திகைக்கு நல்ல மழை" என்று நான் சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அது அதுக்கு முந்தின கிருத்திகைங்க அத்தை" என்று குரல் வரும்.

மாரியம்மன் நோம்பிக்குக் கூத்து வைத்திருந்தோம். ராஜா வேஷக்காரர் வாளை உருவிக்கொண்டு, "யாரங்கே!" என்று கர்ஜித்தார். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. குமாரு எழுந்து நின்றான்.

"ஏனுங்க ராசா, போன சீன்ல அந்தக் கத்தியை எதிரி புடுங்கிட்டுப் போயிட்டானுங்களே. மறுக்கா எப்படி வந்துச்சுங்க?"

ராஜா திரைக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் ராஜாவைப் பார்த்தார்கள். அப்புறம் ஊரே சிரித்த சிரிப்பில் ராஜாவுக்கு வசனம் மறந்துபோய், அந்த ராத்திரி எதிரிதான் ஜெயித்தான்.

அப்படிப்பட்ட பையன் ஒரு நாள் அடுப்பில் சோறு வைத்துவிட்டுக் கதைப் பத்திரிகையில் மூழ்கிவிட்டான். சோறு தீய்ந்த வாசம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. வேலை முடிந்து பசியோடு வந்த அண்ணன், சட்டியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பத்திரிகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்.

"கதை சோறு போடுமாடா? கதை இருக்கற ஊட்டுக்கே போயிரு! இந்த ஊட்டுல உனக்குச் சோறு இல்ல!"

குமாரு அழவில்லை. எரிகிற காகிதத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அது நம்ம புஸ்தகம் இல்லீங்கப்பா. சலூன்காரர்து."

அப்போதும் பாருங்கள், தப்பைத் திருத்திவிட்டுத்தான் நின்றான். விடிந்து பார்த்தால் பையனைக் காணோம். பதின்மூன்று வயது.

தேடாத இடமில்லை. ஈரோடு ஜங்ஷன், கோயமுத்தூர் மார்க்கெட், உடுமலைப்பேட்டை சந்தை, எல்லா இடமும் என் வீட்டுக்காரரும் அவரும் அலைந்தார்கள். நான் கிருத்திகை தவறாமல் பட்டினி கிடந்தேன். பையன் வந்தால் முடி இறக்குகிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டேன்.  அண்ணன் பொழுதானால் சோறாக்குவார். இரண்டு வட்டில் வைப்பார். ஒன்றில் சாப்பிடுவார்.

இப்படிச் சில மாதம் போனது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "உங்க அண்ணன் சிப்பத்து மேல என்னமோ எழுதறாரு, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் மதுரை. அதன் கீழே சின்ன எழுத்தில், வேலுக்குட்டி என்று ஒரு பையன் இருந்தான், அவனுக்குக் கோபம் வந்தால் ரயில் கூட நிற்காது என்று ஆரம்பித்து, சிப்பத்தின் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எழுத்து.

"இதென்னங்ணா?"

"கதைங்க அம்மிணி."

 "ஏனுங்ணா, கதை எதுக்கு? குமாரு, ஊட்டுக்கு வந்துருன்னு எழுதிப்போடலாமுங்களே."

அவர் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டார். "வான்னா வரமாட்டானுங்க. ரோசக்காரன். கதைன்னா எந்த ஊரா இருந்தாலும் நின்னு படிப்பான். நம்ம சிப்பம் போகாத ஊரு ஏதுங்க?"

இப்படித்தான் ஐயா அந்த நாவல் ஆரம்பமானது. கதை எழுத ஆசைப்பட்டு எழுதியதல்ல. எரித்த ஒரு கதைக்குப் பதிலாக இன்னொரு கதையைப் பையன் கையில் சேர்க்கிற அவசரம் அது.

கம்பெனியில் கூத்து அன்றைக்குத் தொடங்கியது. ஒரு சிப்பத்தில் ஒரு அத்தியாயம்தான் கொள்ளும். அடுத்த சிப்பம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு அடுத்த அத்தியாயம். மதுரைக்காரர்கள் வேலுக்குட்டி கிணற்றில் விழுந்த வரைக்கும் படித்தார்கள். அவன் ஏறி வந்தது திருநெல்வேலிக்குப் போய்விட்டது. சேலத்துக்காரர்களுக்கு ஆரம்பமே கிடையாது, யாரோ ஒரு பையன் ஈர டவுசரோடு ஓடுகிறான், அவ்வளவுதான். மதுரைக் கடைக்காரர் முதலாளிக்குக் கடுதாசி போட்டார்: சரக்கு வந்து சேர்ந்தது, பையன் கிணற்றை விட்டு வந்தானா இல்லையா?

முதலாளிக்கு இப்படி ஒரு விஷயம் நடப்பதே அப்போதுதான் தெரியும். குதித்துக்கொண்டு வந்தார்.

"ஏய்யா, நான் பனியன் கம்பெனி நடத்தறனா, பள்ளிக்கோடம் நடத்தறனா? மதுரைக்காரன் அண்டர்வேர் கேப்பான்னு பாத்தா கிணத்தைக் கேக்கறான்!"

மார்க்காக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இல்லீங்க முதலாளி, பையன் ஏறி வந்துட்டானுங்க."

"எப்படி வந்தான்? அது ஆழக் கிணறுன்னு எழுதியிருக்கறியாமே?"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி கதையை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சண்டைக்கு வந்திருக்கிறார்!

"தண்ணி எறைக்கற கவலைக் கயித்தைப் புடிச்சு ஏறுனானுங்க."

முதலாளி தாடையைத் தடவினார். "ம். கயிறு நனைஞ்சு வழுக்கும். அதையும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைகளில் எங்கள் சிப்பம் வந்தால் பிரிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் வந்து சுற்றிக்கொள்கிறார்கள், பிள்ளையைத் தேடி வருகிற அம்மாக்கள் ஆளுக்கொரு பனியன் வாங்கிப் போகிறார்கள் என்று ஏஜெண்டுகள் வந்து சொன்னதும் ஒரு காரணம்.

எழுதுகிற விஷயத்தில் அண்ணன் பயங்கரக் கண்டிப்பு. தான் செய்து பார்க்காத எதையும் வேலுக்குட்டியைச் செய்ய விடமாட்டார். வேலுக்குட்டி மரமேறினால் இவர் அதற்கு முன்னால் ஏறி விழுந்திருப்பார். ஒரு அத்தியாயத்தில் வேலுக்குட்டி ஒரு முரடனிடமிருந்து தப்பிக்கப் பனியன் சிப்பத்துக்குள் ஒளிய வேண்டும். என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, என்னை வெச்சுத் தெச்சுப் போடுங்க."

"ஏனுங்க, மூச்சு முட்டுமுங்களே!"

"அது முட்டுதான்னு பாக்கத்தானுங்க."

மத்தியானச் சாப்பாட்டு வேளை. என் வீட்டுக்காரர் தைத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் வந்தார். வழக்கமாகச் சாயங்காலம் வருகிறவர். அன்றைக்கு மாமனார் வீட்டு விருந்துக்குப் போக அவசரம். இருந்த சிப்பத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இவர் வந்து பார்த்தால் தரைதான் இருக்கிறது.

கடன் சைக்கிளில் இவர் ரயிலடிக்கு மிதித்த மிதியை இன்றைக்கும் மண்ணரையில் சொல்வார்கள். அங்கே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா ஒரு சிப்பத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளேயிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு குரல்: "ஏனுங்க சார், சித்தெ தள்ளி நிக்கறீங்களா? காத்து வரட்டும்."

குமாஸ்தா பேனாவை விட்டுவிட்டு, செருப்பை விட்டுவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் அறை வரைக்கும் ஓடினார். இவர் போய்த் தையலைப் பிரித்தார். வேர்வையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி அண்ணன் வெளியே வந்தார். ஏசுவார் என்று பார்த்தால், "மூக்குக்கு நேராத் தையலை லூஸா உடோணும் மாப்பிள்ளை. இல்லீனா பையன் ஊத்துக்குளி டேசனைக் கூடத் தாண்ட மாட்டான்" என்றாராம்.

ஊரே ஒரு வாரம் சிரித்தது. ஆனால் அன்று பொழுதோடு சுவரோரம் வந்து நின்று என்னிடம் சொன்னது வேறு. "உள்ள ஒரே இருட்டுங்க அம்மிணி. குமாருவுக்கு இருட்டுன்னா பயம். எதுல ஏறிப் போனானோ, எப்படிப் போனானோ..."  நான் திருநீறு எடுத்து நீட்டினேன்.

ஒரு வருஷம் போனது. சிப்பங்கள் போயின. குமாரு வரவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் புதுச் சிப்பத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. வேலுக்குட்டியின் வீடு என்பது அச்சு அசலாக எங்கள் லைன் வீடுதான். தெருவிலிருந்து பார்த்தால் அண்ணன் வீட்டு வாசலுக்கு வலது பக்கம் முருங்கை மரம். குமாரு ஐந்தாவது படிக்கையில் கொம்பு கொண்டுவந்து நட்டது. கதையின் முதல் அத்தியாயத்திலும் மரம் வலது பக்கம்தான் இருந்தது. இப்போது ஒன்பதாவது அத்தியாயத்தில் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறார். அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டில் வேலுக்குட்டிக்கு ஒரு பல் எடுப்பான அத்தை இருக்கிறாளாம்!

சிப்பத்தைத் தட்டிக் கேட்டேன். "ஏனுங்ணா, எனக்கு எங்கீங்க பல்லு எடுப்பு?"

"இல்லீங்க அம்மிணி. நல்ல வரிசைப் பல்லு."

"அப்புறம்? மரமும் தப்பு, நானும் தப்பு!"

அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு வெளிச்சம் பார்த்தேன். "சரியா எழுதுனா அவன் படிச்சுப்போட்டுப் பேசாமப் போயிருவானுங்க. தப்பா எழுதுனா அவனால சும்மா இருக்க முடியாது. கூத்துல ராசாவையே சும்மா உடலையே அவன்!"

அது புரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "அதுக்கு என்ற பல்லுத்தான் கெடைச்சுதுங்களா?" என்றேன்.

"பொறுத்துக்கோங்க அம்மிணி. பையன் வந்தா உள்ள தள்ளிப்போடலாம்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து குழந்தைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், கண்ணாடி போட்ட நல்ல மனிதர், கதையைத் தேடி வந்து இறங்கினார். அவருடைய மைத்துனர் பனியன் கடைக்காரர், சிப்பத்தைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். ஆசிரியர் கைப்பிரதி கேட்டார். அண்ணன் சிப்பத்தைக் காட்டினார். ஆசிரியர் சுற்றிச் சுற்றி வந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் சிப்பத்தைத் தூக்கி வண்டியில் போட்டார். கடைசிப் பாராவுக்காக அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயிலடி வரைக்கும் மாட்டு வண்டியின் பின்னாலேயே ஓடினார். முந்தின அத்தியாயங்கள்? அவையெல்லாம் எங்கள் மடிப்பு செக்ஷன் பெண்களுக்கு மனப்பாடம். பனியனை மடித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு அத்தியாயமாகச் சொன்னோம். அப்படித்தான் அது அச்சுக்குப் போனது. பத்திரிகையில் வந்ததும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளெல்லாம் வேலுக்குட்டி வீட்டுக்குப் போனானா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பத்திரிகைக்கு எழுதினாலும் சிப்பத்தில் எழுதுவதை நிறுத்தவில்லை. "பத்திரிகை வாங்கறதுக்கு அவன் கிட்ட காசு இருக்குமோ என்னமோ" என்பார்.

எங்கள் முதலாளிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வெளியூர் போன கித்தானை வீணாக்க மாட்டார். கடைகளிலிருந்து காலிச் சாக்காக வரவழைத்து, திருப்பிப் போட்டு மறுபடி தைக்கச் சொல்வார். ஒரு நாள் அப்படி வந்த கட்டில் ஒன்றை என் வீட்டுக்காரர் உதறினார். உதறினவர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் ஒரு கத்து கத்தினார். மிஷின் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது.

மேலே நாகர்கோவில் என்று அண்ணன் கையெழுத்து. கீழே ஒன்பதாம் அத்தியாயம். அதற்கும் கீழே அடுப்புக்கரியால் யாரோ எழுதியிருந்தார்கள்:

முருங்கை மரம் வலது பக்கம். அத்தைக்குப் பல் எடுப்பு இல்லை.

அண்ணன் அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கரி எழுத்தைத் தொடவில்லை, அழிந்துவிடும் என்று பயம். தொடாமல் விரலை மேலாக ஓட்டிக்கொண்டே போனார். பிறகு எழுந்தார் பாருங்கள்! "என்ற பையன் தப்புக் கண்டுபுடிச்சுப்போட்டான்! என்ற பையன் தப்புக் கண்டுபுடிச்சுப்போட்டான்!" என்று கட்டிங், மடிப்பு, பேக்கிங் எல்லா செக்ஷனிலும் ஓடினார். பையன் கலெக்டர் ஆனான் என்று கேட்ட அப்பன் கூட அப்படி ஓடியிருக்க மாட்டான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா" என்றார். நான் என் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அன்று ராத்திரி ரயிலுக்கே அவரும் என் வீட்டுக்காரரும் நாகர்கோவில் போனார்கள். கடைக்காரர் யோசித்து யோசித்துச் சொன்னார். ஒரு லாரி கிளீனர் பையன், நெடுநெடுவென்று இருப்பான், சரக்கு இறக்கும்போது இந்தச் சிப்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படித்தான், தனக்குத்தானே சிரித்தான். எந்த லாரி? தெரியவில்லை. எந்த ஊர்? அதுவும் தெரியவில்லை.

"நெடுநெடுன்னு இருக்கானாமுங்க அம்மிணி" என்றார் திரும்பி வந்து. "சிரிச்சானாமுங்க." அதைத் தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து சோறு வைக்கும்போது இரண்டாவது வட்டிலில் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். வளர்ந்த பையனாயிற்றே.

சிரித்தவன் வந்துவிடுவான் என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். லாரி சத்தம் கேட்டால் தெருவில் எல்லா வீட்டிலும் தலை வெளியே வரும். பண்டிகை வந்தது, போனது. அவன் வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முருகனிடம் கேட்டிருக்கிறேன். அவனும் ஒரு பழத்துக்காக வீட்டை விட்டுப் போய் மலைமேல் நின்றவன்தானே. அவனுக்குப் பதில் தெரிந்திருக்கும், சொல்ல மனசில்லை போலிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியர் முடிவு கேட்டார். "வேலுக்குட்டி ஊட்டுக்கு வந்துட்டான், சுபம்னு போட்டுருங்களேன், புள்ளைங்க ஏங்கிப்போயிருக்காங்க" என்று கெஞ்சினார். அண்ணன் அசையவில்லை. "வந்தாத்தானுங்க வந்துட்டான்னு எழுத முடியும்." பல மாதம் இழுத்துவிட்டு, கடைசியில் ஒரு சிப்பத்தின் முன் நின்று ஒரே மூச்சில் எழுதினார். புத்தகத்தின் கடைசி வரிகள் அவைதான்: வேலுக்குட்டி தெரு முனையில் நின்று பார்த்தான். முருங்கை மரம் இடது பக்கம் இருந்தது. "தப்பாச்சே!" என்று சொல்லிக்கொண்டு அதைத் திருத்துவதற்காக உள்ளே நடந்தான்.

எழுதி முடித்த பிரஷ்ஷை என் வீட்டுக்காரரிடம் நீட்டி, "கழுவி வெச்சுருங்க மாப்பிள்ளை" என்றார். அதற்கப்புறம் ஊர் பேரும் கடைப் பேரும் மட்டும்தான் எழுதினார்.

சில வருஷம் கழித்து மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார். கஞ்சி கொண்டுபோன என்னிடம் இரண்டு காரியம் சொன்னார். "புஸ்தகத்துல மரத்தை மாத்தி எழுத உட்றாதீங்க அம்மிணி. ஊட்டுல மரத்தை எடம் மாத்தி நட உட்றாதீங்க." அவ்வளவுதான். பெரிய வார்த்தை ஒன்றும் பேசவில்லை. அந்தக் கறுத்த காதோடேயே முருகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான்.

புத்தகம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் படித்த பிள்ளைகள் அப்பா அம்மா ஆகி, தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு தடவை புதுப் பதிப்புப் போடுகிற இடத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வாசலில் உட்காரக் கூட இல்லை, பதறிப்போய் ஆரம்பித்தார்.

"அம்மா, ஒரு பெரிய தப்பு இருக்குதுங்க. முதல் அத்தியாயத்துல மரம் வலது பக்கம், ஒன்பதாவதுல இடது பக்கம். இத்தனை பதிப்புல யாரும் திருத்தலை. நாங்க திருத்திடலாமுங்களா?"

"வேண்டாங்க கண்ணு."

"படிக்கிற குழந்தைங்க கண்டுபிடிச்சுடுவாங்கம்மா!"

"அதுக்குத்தானுங்க கண்ணு எழுதுனது" என்றேன். பிறகு மோர் கொடுத்து உட்கார வைத்து, உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். அந்தத் தம்பி போகும்போது மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். புதுப் பதிப்பிலும் மரம் இடது பக்கமே இருக்கிறது.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலுக்குட்டி வீட்டைப் பார்க்க வருவார்கள். பிள்ளை தெரு முனையிலேயே நின்றுவிடும். புத்தகத்தைப் பார்க்கும், மரத்தைப் பார்க்கும். அப்புறம் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் கத்திக்கொண்டு ஓடி வரும்: "தப்பு! தப்பு! வலது பக்கம்!" அந்தக் குரல் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருவேன். சின்னப் பிள்ளை என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் நெடுநெடுவென்று யாராவது கூட வருகிறார்களா என்று பின்னாலும் ஒரு பார்வை பார்ப்பேன். அதற்குள் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். "பல்லும் தப்பு!" என்று அடுத்தது கிளம்பும். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "பல்லே இல்லைன்னு சொல்லு" என்பார்.

முருங்கை நின்று நிலைக்கிற மரமல்ல. ஆடிக் காற்றில் சாய்ந்துவிடும். குமாரு நட்ட மரம் எப்போதோ போய்விட்டது. சாயும்போதெல்லாம் அதிலிருந்தே ஒரு கொம்பை வெட்டி, நுனியில் சாணியை அப்பி, பழைய குழியிலேயே நட்டுவிடுகிறோம். போன ஆடியிலும் சாய்ந்தது. அண்ணன் வீட்டுக்குக் குடி வந்திருக்கிற புது ஆட்கள், "இடது பக்கம் நல்லா எடம் இருக்குதுங்களே, வெயிலும் படும், அங்க நடலாமுங்களே" என்றார்கள். நல்ல யோசனைதான்.

நான் வலது பக்கமே நட்டேன். வீட்டிலாவது மரம் சரியான இடத்தில் இருக்கட்டும். வந்து நிற்கிறவன் தப்புக் கண்டுபிடித்துவிட்டால் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?